சுவருக்கு இரண்டு சொடுக்கு

நெத்திலியின் தலையைக் கிள்ளிக் குடலோடு உருவிச் சட்டியில் போட்ட நேரம் பார்த்துத்தான் அடுப்பு மேடையில் கிடந்த செல்போன் ஒரு தடவை அதிர்ந்தது. சபைப் பெண்கள் குழுவில் எவளாவது ரோஜாப்பூவோடு காலை வணக்கம் போட்டிருப்பாள், மணி பத்தரை ஆகியும் இவளுகளுக்கு விடிந்து முடியவில்லை என்று ஹெப்சிபா அசட்டையாக எட்டிப் பார்த்தாள், பார்த்தவள் கையில் அடுத்த மீனோடு அப்படியே நின்றாள். கெசியா. பெற்ற மகளின் பெயர்தான், இவளே வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்துத் தேடி வைத்த பெயர்தான், ஆனால் பத்து மாதமாக அந்தத் திரையில் வராத பெயர். கை முழுக்க மீன் வாடையும் கறுத்த குடலும். முழங்கையால் திரையைத் தள்ளினாள், அது அசையவில்லை. குனிந்து மூக்கு நுனியால் தள்ளினாள், திறந்தது. "அந்தக் கேமரா எப்படி இருக்கு? ஆபீஸ்ல ஒருத்தி புதுசா கத்துக்க வாங்கணும்னு கேக்கா. எது நல்லா இருக்கு, எது சரியில்லைன்னு சொல்லவும்." அவ்வளவுதான். சொல்லவும். சொல்லு என்றால் மகள், சொல்லுங்க என்றால் கோபத்தில் இருக்கிற மகள், சொல்லவும் என்றால் யார்? காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது, பொதுமக்கள் ஒத்துழைக்கவும், அந்த ஜாதி சொல்லவும். ஆனாலும் கேட்டிருக்கிறாளே. இத்தனை நாளும் அப்பாவிடம் மட்டும்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆசீர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் முருங்கை மரத்தடியில் நின்று பேசுவார், திரும்பி வந்து சளி பிடிச்சிருக்காம், வீடு மாறப் போறாளாம் என்று வானொலிச் செய்தி மாதிரி வாசிப்பார், இவள் வேண்டுமென்றே பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவிக்கொண்டே ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொள்வாள். போன கிறிஸ்துமஸுக்கு மகள் வரவில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது வாரம். இப்போது சரியாகப் பதில் எழுதினால் வருவாள். தப்பாக ஒரு வார்த்தை விழுந்தால் வரமாட்டாள். வேறு நாளாக இருந்தால் இந்நேரம் ஹெப்சிபா சட்டென்று எதையாவது எழுதித் தொலைத்திருப்பாள், உயிரோடதான் இருக்கியா என்றோ, பெத்தவ ஞாபகம் இப்பதான் வந்துச்சா என்றோ. வாய் முந்திப் பழகியவள். இன்று மீன் காப்பாற்றியது. கால் கிலோ நெத்திலி இன்னும் பாக்கி இருக்கிறது, அதை முடிக்கிற வரை யோசிக்கலாம்.

நன்மை தீமை எழுதுவது அவளுக்குப் புதிதா என்ன. கான்வென்ட்டில் எட்டாம் வகுப்பில் சிஸ்டர் கான்ஸ்டன்ஸ் வாரத்துக்கு ஒன்றாக அறிவியலின் நன்மை தீமை, திரைப்படத்தின் நன்மை தீமை, நகர வாழ்க்கையின் நன்மை தீமை என்று இங்கிலீஷில் எழுத வைத்தவர். தாளை நடுவில் மடிக்க வேண்டும், இந்தப் பக்கம் நாலு என்றால் அந்தப் பக்கமும் நாலு, ஒரு பக்கம் சாய்ந்தால் மார்க் போச்சு. சரி, மடி தாளை. நல்லது ஒன்று, கனமில்லை. உடம்பெல்லாம் பிளாஸ்டிக்தான், ஆனால் சபைக் கோவிலில் ஊருக்கே சோறு போடுகிற அசனப் பண்டிகையில் காலை ஏழு மணிக்குக் கழுத்தில் மாட்டினால் கடைசிப் பந்தி எழும்புகிற வரை பிடரி வலிக்காது. இரண்டு, பேட்டரி. ஒரு தடவை சார்ஜ் போட்டால் மூன்று ஞாயிறு தாங்கும். இந்த வீட்டில் அந்த மாதிரி நம்பிக்கையாக எதுவும் கிடையாது, மிக்சியும் சரி மனுஷரும் சரி. மூன்று, கண்ணை வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன ஜன்னல். அதில் தெரிவது நிஜமான கண்ணாடி வழியாக வருகிற நிஜமான ஆள், திரையில் தெரிகிற பொம்மை இல்லை. அதில் கண் வைத்து ஒருவரைப் பார்க்கும்போது உலகத்தில் அவரும் நாமும் மட்டும்தான் என்று தோன்றும், யாரையும் ஏசத் தோன்றாது. இதை எழுத முடியாது, இது கேமராவின் குணமா என் குணமா என்று கேட்பாள். கெட்டது. கூட வருகிற லென்ஸ் கோவிலுக்குள் கண் தெரியாத கிழவி. ஆல்டரில் நிற்கிற மணமக்களை எடுத்தால் இரண்டு புகை மூட்டம் வரும். ஆட்டோ மோடில் வைத்தால் தலைக்கு மேலே ஒரு ஃப்ளாஷ் கேட்காமலே துள்ளி எழும்பி எல்லார் நெற்றியிலும் எண்ணெய் தடவிவிடும். கிட்டே நின்று கூட்டமாக எடுத்தால் ஓரத்தில் நிற்கிறவர்கள் இழுபட்டு அகலமாகிவிடுவார்கள், போதகரின் மனைவியான ஐயர் அம்மா அதற்காக மூன்று மாதம் இவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஓரத்தில் நிற்காதீங்க என்று சொன்னதற்கு நான் எப்பவும் ஓரந்தான் என்று தாழ்மையாகப் போய் நின்றது அந்த அம்மா தப்பு. வீடியோ எடுத்தால் லென்ஸ் ஃபோகஸ் தேடிப் படுகிற பாட்டில் பேச்சை விட அதன் முனகல்தான் கேட்கும். ஆனால் இதெல்லாம் கெசியாவுக்குத் தெரியாதா? மூன்று வாரம் இணையத்தில் அலசி, எது மலிவு எது புதிதாகக் கற்பவர்களுக்குத் தோது என்று தேடி, முதல் வருஷ போனஸில் வாங்கி வந்து இவள் மடியில் வைத்தவளே அவள்தான். "எம்மா, போன்ல எடுத்துட்டு ஏன் இப்படி வருதுன்னு எங்க எல்லாரையும் ஏசிட்டே இருக்கே. இந்தா, இனிமே இதை ஏசு." அன்றைக்கு எப்படிச் சிரித்தாள். அவளுக்குத் தெரியாத எதை நான் புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? தெரிந்ததையே ஒருத்தி கேட்டால் அது கேள்வியா, பரீட்சையா?

"போன் அதிர்ந்துச்சே, யாரு?" என்றார் ஆசீர் முன்னறையிலிருந்து. சனிக்கிழமை பேப்பரை அவர் ரேஷன் அரிசி மாதிரி கல் பொறுக்கிப் பொறுக்கிப் படிப்பார். "உங்க மக" என்றாள். பேப்பர் மடிகிற சத்தம் கேட்டது, பிறகு அவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "உனக்கா?" "ஏன், எனக்கு வரக் கூடாதா?" "இல்ல, கேட்டேன். என்ன சொல்லுதா?" "கேமரா நல்லா இருக்கான்னு கேக்கா. யாரோ வாங்கணுமாம். நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?" "நான் எதுக்குச் சொல்லிக் குடுக்கேன். நான் சொன்னா கேக்கவா செய்வா, அவ உன் மகளாச்சே." "பின்ன பத்து மாசம் கழிச்சு கேமராவா ஞாபகம் வரும் ஒருத்திக்கு?" ஆசீர் சட்டியில் கிடந்த நெத்திலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எப்பவும் இப்படித்தான், முக்கியமான நேரத்தில் கண்ணை எங்கேயாவது கொண்டு போய் வைத்துக்கொள்வார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு ஹெப்சி. கூடக் கொஞ்சம் சேத்திராத" என்றார். "நான் என்னத்தச் சேத்தேன்?" என்றாள். அவர் பேப்பருக்கே திரும்பிப் போய்விட்டார். போகட்டும். கூடக் கொஞ்சம் சேர்த்தது என்னவென்று அவருக்கும் தெரியும், பெங்களூரில் இருக்கிறவளுக்கும் தெரியும், இந்த மீனுக்கு மட்டும்தான் தெரியாது. இருபத்தேழு வருஷம் குடித்தனம் பண்ணினவர் நேருக்கு நேரே கேட்டிருக்கலாம், ஏன் அப்படிச் செய்தாய் என்று. கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள், சண்டையில் உண்மை வாய் தவறி வந்திருக்கும், இந்நேரம் எல்லாம் ஆறியிருக்கும். அந்த வழியும் இல்லாமல் போயிற்று.

சுவர். எல்லாம் அந்தச் சுவரில்தான் ஆரம்பித்தது, அல்லது அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். கிறிஸ்துமஸுக்கென்று வீட்டுக்கு வெள்ளை அடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் பளீரென்று கண்ணைக் குத்தியது. சாயங்காலம் நாலரை மணி வெயில். நாகர்கோவில் வரனுக்குப் போட்டோ அனுப்ப வேண்டும் என்று தரகர் இரண்டு தடவை போன் பண்ணியாயிற்று. பிஸ்தா பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, "சீக்கிரம் எடும்மா, பாதம் சுடுது" என்று கெசியா மாறி மாறிக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். முதல் படம் இருட்டாக வந்தது. அது கேமராவின் பிசகு, ஒத்துக்கொள்ளலாம். இந்தக் கேமராவுக்கு எதிரே வெள்ளை அதிகமாகக் கிடந்தால் வெளிச்சம் ஜாஸ்தி என்று பயந்து எல்லாவற்றையும் மங்கலாக்கிவிடும் புத்தி. அதற்காகத்தான் மேலே ஒரு சின்னப் பட்டன் வைத்திருக்கிறான். அதை அமுக்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கிற சக்கரத்தைத் திருப்பினால் ஒவ்வொரு சொடுக்குக்கும் படம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். இரண்டு சொடுக்கு திருப்பினாள். எடுத்தாள். அந்தப் படம். அந்தப் படத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது, சேலை பச்சையாக இருந்தது, கெசியா கெசியாவாக இருந்தாள். சுட்ட காலைத் தூக்கி வைத்த நேரம், வாய் பாதிச் சிரிப்பில், கன்னத்து எலும்பில் வெயில் பட்டு நாவல்பழத் தோல் மாதிரி ஒரு மினுக்கம். இவள் பிள்ளை. பார்த்த உடனே ஹெப்சிபாவுக்கு நெஞ்சு நிறைந்தது நிஜம். நிறைந்த மறு நிமிஷமே, நாகர்கோவிலில் யாரோ ஒரு பொம்பிளை இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதும் தெரிந்தது, அதுவும் நிஜம். அந்தப் பிதுக்கல் இவளுக்குப் பழக்கம். கான்வென்ட் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நாலு வருஷம் தொடர்ந்து மூன்று ராஜாக்களில் கறுப்பு ராஜா வேஷம் இவளுக்குத்தான். மற்ற இரண்டு ராஜாக்களுக்கும் பவுடர், ரோஸ், மை, ஒரு மணி நேரம். நீ அப்படியே வாம்மா, உனக்கு ஒண்ணும் வேண்டாம் என்பார் சிஸ்டர், அதைப் பாராட்டு மாதிரி சொல்வார், இவளும் பாராட்டு என்றே நாலு வருஷம் நம்பிக்கொண்டு காணிக்கை வெள்ளைப்போளத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு சொடுக்கு. சுவர் கரைந்தது. இன்னொரு சொடுக்கு. சேலை வெளிறிப் போயிற்று, போனால் போகட்டும், சேலையையா கட்டிக்கொடுக்கப் போகிறோம். இன்னொரு சொடுக்கு. "எத்தனைம்மா எடுப்ப?" என்றாள் கெசியா. "சும்மா நில்லுட்டி" என்று பதினோரு படம் எடுத்தாள். பிறகு கீழே இறங்கி வந்து, நல்ல படத்தை அழித்தாள். வீட்டில் யாராவது பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடுமே. குப்பைத் தொட்டிப் படம் போட்ட பட்டனை அமுக்கியதும் கேமரா உடனே அழித்துவிடாது, வேண்டாம் என்பதையே முன்னால் காட்டி நிற்கும், நாமாக நகர்த்தி அழி என்பதற்குப் போக வேண்டும். இது இந்தக் கேமராவின் நல்ல குணங்களில் ஒன்று. கை தவறி நடந்தது என்று யாரும் பிறகு சொல்ல முடியாது.

வந்தார்கள், டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை, ஒரு வேன் நிறைய. மாப்பிள்ளையின் அம்மா சோபாவில் உட்கார்ந்து முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, காபித் தட்டோடு வந்த கெசியாவைப் பார்த்தாள், பிறகு மடியில் இருந்த போனைப் பார்த்தாள், பிறகு கெசியாவைப் பார்த்தாள். "போட்டோல நல்ல வெளுப்பால்லா இருந்துச்சு பிள்ள" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்ன மாதிரிகூட இல்லை, சாமான் வாங்கப் போன இடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி. எல்லாரும் கெசியாவின் முகத்தையே பார்த்தார்கள். அந்த நேரத்தில் தாய் என்று ஒருத்தி இருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆயிரம் சொல்லலாம். எந்தக் கடைக்காரனையும் விடாத வாய் இது, ஆட்டோக்காரனை அழ வைத்த வாய் இது. "அது கேமரா சரியில்ல. மலிவு கேமரா, அப்படித்தான் வெளுப்பா எடுக்கும்" என்றாள் ஹெப்சிபா. கெசியா காபித் தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர்கள் போன பிறகு மகள் லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பதினோரு படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஏதோ ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தாள். கேமரா எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதி, மணி, எந்தச் சக்கரத்தை எத்தனை திருப்பினோம் என்பது வரை எழுதி வைத்துவிடுமாம். கான்வென்ட்டில் மதர் சுப்பீரியர் வைத்திருந்த நோட்டு மாதிரி. ஹெப்சிபாவுக்கு அது தெரியாது. "எல்லாத்துலயும் அஞ்சு சொடுக்கு கூட்டியிருக்கே" என்றாள் கெசியா. குரலே ஏறவில்லை. "எந்தச் சொடுக்கு? எனக்கு அந்தப் பட்டன் எங்க இருக்குன்னே தெரியாது" என்றாள் இவள். கோவில் கல்யாணங்களில் அதைத் திருப்பித் திருப்பித்தான் ஊர் முழுக்கப் பெயர் வாங்கியிருக்கிறாள், கற்றுக் கொடுத்ததே கெசியாதான், இதே மேஜையில், இவள் விரலைப் பிடித்து. மகள் இவளை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பையன எனக்கும் பிடிக்கலம்மா. அதப் பத்தி இல்ல" என்றாள். பிறகு, "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ என்னப் பாக்கும்போது எந்தப் படத்தப் பாக்க?" என்றாள். அதற்கும் ஹெப்சிபா ஏதோ சொன்னாள். கேமராவை எடுத்துக் கடைக்காரனிடம் காட்டணும் என்று சொன்னாள் என்று நினைக்கிறாள். மறுநாள் காலை ஆராதனைக்கு எல்லாரும் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கெசியா பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

மீன் முடிந்தது. கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுதினாள். கனமில்லை, பேட்டரி நீடிக்கும், விலை மலிவு, புதிதாகக் கற்பவர்களுக்கு நல்லது. உள்ளரங்கில் மங்கல், ஃப்ளாஷ் உபத்திரவம், கூட்டப் படத்தில் ஓரம் அகலும், வீடியோவுக்கு ஆகாது. நாலுக்கு நாலு. முற்றுப்புள்ளி எல்லாம் சரியாக வைத்தாள். கடைசியில் சாப்பிட்டியா என்று எழுதினாள், அழித்தாள், கிறிஸ்துமஸுக்கு என்று எழுதினாள், அழித்தாள். கூடக் கொஞ்சம் சேத்திராத. அனுப்பினாள். உடனே இரண்டு டிக், உடனே நீலம். எழுதுகிறாள் என்று மேலே காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. "முகத்து நிறம் எல்லாம் சரியா வருமான்னு கேக்கா." ஹெப்சிபா அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேக்கா. யார் கேக்கா? இதற்காகத்தான் சுற்றி வந்தாயா பிள்ளை, பத்து மாதம் மெனக்கெட்டு, ஆபீஸில் ஒருத்தியைக் கற்பனையாக உண்டாக்கி, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு. என் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் உனக்கு. சரி. நீ ஏசினால்கூடத் தேவலை.  இந்தத் தடவை நிறுத்தாமல், திருத்தாமல் எழுதினாள். "சரியா வரும். கேமரா மேல ஒரு தப்பும் இல்ல. வெள்ளைச் சுவர் முன்னால நிறுத்தினா ரெண்டு சொடுக்கு கூட்டணும், அது போதும். நான் அஞ்சு கூட்டினேன். ரெண்டு சுவருக்கு. மூணு நான் பயந்து வச்சது. அந்தப் பட்டன் எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டு சொடுக்குல எடுத்த படம் ஒண்ணு இருந்துச்சு. அதுல என் மக இருந்த மாதிரி அழகா நான் யாரையும் பாத்ததில்ல. அத நான்தான் அழிச்சேன்." அனுப்பிவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நீலம். ஒன்றும் வரவில்லை. ஆசீர் முன்னறையில் தும்மினார். தெருவில் ஒருத்தன் கீரை கீரை என்று கூவிப் போனான். படிக்கிறாள். மறுபடி படிக்கிறாள். அழுகிறாளோ. அழுதால் மூக்குச் சிவக்காது அவளுக்கு, என் மூக்கு மாதிரிதான், யாருக்கும் தெரியாது. பிறகு வந்தது. "ஓகே. ரெண்டு மெசேஜையும் அவளுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன். தேங்க்ஸ்."

படித்துவிட்டுத் தள்ளினாளா, படிக்காமலே தள்ளினாளா. இரண்டில் எது தேவலை என்று ஹெப்சிபாவுக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும், போன் இன்னொரு தடவை அதிர்ந்தது. "வாங்கப் போறாளாம். உங்க அம்மா எவ்ளோ தெளிவா எழுதுறாங்கன்னு சொன்னா." அப்படியென்றால் ஆபீஸில் ஒருத்தி நிஜமாகவே இருக்கிறாள். கேமரா வாங்க வேண்டும் என்று நிஜமாகவே கேட்டிருக்கிறாள். பெங்களூரில் ஏதோ ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்து, சுவருக்கு இரண்டு, பயத்துக்கு மூன்று என்று குறித்துக்கொண்டிருப்பாள். ஹெப்சிபா அந்த வரியில் விரலை வைத்து, சின்னப் பிள்ளை எழுத்துக் கூட்டுவது போல ஒவ்வொரு சொல்லாக நகர்த்திப் பார்த்தாள். பத்து மாதத்தில் மகள் கையால் வந்த முதல் 'அம்மா' அது. அதுவும் அவள் சொன்னதல்ல, யாரோ ஒருத்தி சொன்னதை எழுதியது.